'டைட்டில்' என்றால் 'தலைப்பு' இல்லை; கூப்பிடும் பெயருக்கு 'அழைபெயர்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் மனிதவள மென்பொருளில் 'டைட்டில்' என்ற பெட்டிக்கு யாரோ 'தலைப்பு' என்று போட்டிருக்கிறார்கள். திரு, திருமதி, முனைவர் என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி அது. கட்டுரைக்குத் தலைப்பு இருக்கும், ஆளுக்கு எப்படி இருக்கும்? பக்கத்திலேயே 'ஜாப் டைட்டில்' என்பது 'வேலைத் தலைப்பு' ஆகியிருக்கிறது. அதைப் 'பதவி' என்று மாற்றிவிட்டேன், அதில் பேச ஒன்றும் இல்லை.

திரு, முனைவர் வகைக்கு 'மரியாதை முன்னொட்டு' என்று போன மடலில் ஒரு யோசனை வந்தது. எழுத்தில் திரு முன்னால் வருகிறது, சரி. ஆனால் அலுவலகத்தில் நாள் முழுக்க நாம் வாயால் சொல்வதெல்லாம் பெயருக்குப் பின்னால்தானே ஒட்டுகிறது: குமார் சார், லதா மேடம், செல்வம் அண்ணன். முன் என்ற சொல்லை உள்ளே வைத்துவிட்டால் இவற்றுக்கு இடமே இல்லை. தொடர்பு விவரங்களுக்கான விகார்டு வடிவத்திலும் முன்னால் வருவதற்கும் பின்னால் வருவதற்கும் தனித்தனி இடம் வைத்திருக்கிறார்கள். 'மதிப்படை' என்று முதலில் நினைத்தேன், ஆனால் படிக்கும்போது உள்ளே 'படை' தெரிகிறது, வேண்டாம். 'மதிப்புச்சொல்' போதும், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலைப் பற்றியும் ஒன்று. அண்ணா முதல்வராக இருந்தபோது ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி போய் திரு, திருமதி, செல்வி வந்தன. தமிழ் வந்தது பெரிய விஷயம்தான், ஆனால் பெண் மட்டும் கல்யாணம் ஆனதா இல்லையா என்று சொல்லியாக வேண்டிய நிலை அப்படியே தங்கிவிட்டது. 'திருமிகு' இருபாலருக்கும் பொதுவாகப் புழங்குகிறது, அதைப் பட்டியலில் முதலாவதாக வைக்கலாம் என்பது என் கருத்து. சிங்கப்பூர்க்காரர்களுக்காகத் 'திருவாட்டி'யும் இருக்கட்டும்.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயம். ஒருவரை எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்று அவரிடமே கேட்கும் பெட்டி ஒன்று இருக்கிறதே, அதற்கு இன்னும் தமிழே இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்றுதான், முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவே. வேலையில் சேரும்போது படிவத்தில் 'கடைசிப் பெயர்' பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் விடாது, அதனால் அப்பா பெயரை எழுதினார். அதற்கப்புறம் அடையாள அட்டை, மின்னஞ்சல், கூட்ட அழைப்பு எல்லாவற்றிலும் அப்பா பெயர் முன்னால் வந்து நின்றது. 2020 பொதுமுடக்கத்தில் வீட்டிலிருந்து வேலை செய்தபோது வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஸ்பீக்கரில் சத்தமாக அந்தப் பெயரைச் சொல்லி இவரைக் கூப்பிட, அடுப்படியில் இருந்த அம்மா பதறி வெளியே வந்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து கணவர் பெயரை ஒருமுறைகூட வாயால் சொல்லாதவர் அவர். "இனிமே ஹெட்செட் போட்டுக்கோடி" என்று மட்டும் சொன்னாராம். திருத்தச் சொல்லி இரண்டு முறை எழுதியும் படிவம் அப்படித்தான் என்று பதில் வந்தது.

இந்தப் பெட்டிக்கு 'விளிபெயர்' வைக்கலாமா என்று பார்த்தேன். தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது, எட்டாம் வேற்றுமையும் விளிதான். ஆனால் விளித்தல் அழைப்பது, விளிதல் இறப்பது. 'விளிந்தாரின் வேறல்லர்' என்ற குறளில் விளிந்தார் என்றால் செத்தவர். வினைத்தொகையில் வெறும் 'விளி' மட்டும் நிற்பதால் எந்த வினை என்று சொல்லே காட்டாது. ஊரில் யாரும் விளித்தேன் என்று பேசுவதும் இல்லை.

அதனால் 'அழைபெயர்'. குடிநீர், சுடுகாடு மாதிரி வினைத்தொகை, எனவே நடுவில் ப் வராது, 'அழைப்பெயர்' என்று யாரும் திருத்திவிட வேண்டாம். ஒவ்வொரு மொழியிலும் தேதி, எண், பெயர் எல்லாம் எழுதும் முறைகளைத் தொகுத்துத் தரும் யூனிகோடின் சிஎல்டிஆர் தரவுத் தொகுப்பின் 42ஆம் பதிப்பு (2022) ஆள்பெயர்களை எழுதும் முறையைக் கொண்டுவந்தபோது, ஒருவரைப் பற்றிச் சொல்வதையும் அவரிடமே பேசுவதையும் தனித்தனியாகப் பிரித்தது. நமக்கும் அதே பிரிப்பு வேண்டும்: சம்பளச் சீட்டில் முழுப்பெயர், மடலின் முதல் வரியில் அழைபெயர்.

'அழைப்பு' என்றதும் போன்தான் ஞாபகம் வரும் என்று சிலர் சொல்லக்கூடும். என் அம்மாவிடம் 'அழைபெயர்' என்று எழுதிக் காட்டினேன், "கூப்பிடுற பேரா?" என்றார். நீங்களும் வீட்டில் ஒருவரிடம் காட்டிவிட்டு, என்ன புரிந்ததோ அதை எழுதுங்கள். வேறு யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் வெள்ளிக்கிழமை கோப்பில் ஏற்றிவிடுகிறேன், 'கடைசிப் பெயர்' பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தை எடுக்கச் சொல்லி நிரலாளர்களுக்கும் தனியாக எழுதுகிறேன்.