புதுப்பிப்பு: நாகஸ்வர ஆல்பத்தின் அட்டை அச்சுக்குப் போயாச்சு

நண்பரின் நாகஸ்வர ஆல்பத்துக்கு, புளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்கு ரீட் மைல்ஸ் வடிவமைத்த அந்தக்கால அட்டைகளின் சாயலில் உறை செய்யலாமா என்று கேட்டிருந்தேனே, அது முடிந்தது.

படம் வேலூர் கோட்டை அகழியோரம் எடுத்தது. ஆள் முகம் வேண்டாம் என்று, நாகஸ்வரத்தில் நூலில் தொங்கும் சீவாளிகளை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகள்) மட்டும் நெருக்கமாக வைத்தேன். கறுப்பு வெள்ளை, மேலே ஒரே அரக்கு நிறம்.

எழுத்துதான் படுத்தியது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வரிக்கு வரி ஒட்டி அடுக்கலாம். தமிழில் மேல் வரியின் கு, கூ போன்ற எழுத்துகளின் கீழ்ச்சுழியும், அடுத்த வரியின் கி, கீ போன்றவற்றின் மேல் வளைவும் மோதிக்கொள்ளும். அதனால் தலைப்பை ஒரே வரியாக்கினேன்.

தங்க ஃபாயில் போடச் சொன்னவர்களுக்கு: மன்னிக்கணும், கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும். அப்புறம், நீங்களும் செய்வதானால், சிடி பெட்டியின் முன்பக்க அட்டைக்கு 12 செ.மீ. சதுரம்; அச்சிட்டபின் வெட்டுவதற்காக, சுற்றிலும் 3 மி.மீ. படத்தைக் கூடுதலாக நீட்டி விடுங்கள்.