வீட்டு நீச்சல் குளத்தில் ராத்திரி இறங்குகிறவர்கள், உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து:

அண்ணன் வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு வந்து வீடு கட்டியபோது, பின்பக்க விளையில் சின்னதாக ஒரு நீச்சல் குளமும் கட்டினார். பகல் வெயிலில் யார் இறங்குவது? ஏழு மணிக்கு மேல்தான் பிள்ளைகளின் ஆட்டம் தொடங்கும்.

போன சித்திரையில் ஒருநாள் நானும் மயினியும் (அண்ணியைத்தான் அப்படிச் சொல்வோம்) சிட்டவுட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று மயினி எழுந்து, "நாலு பிள்ளைகள்லா எறங்கிச்சு? மூணு தலைதானே தெரியுது!" என்றார். நான் உடுத்த வேட்டியோடு குதித்துவிட்டேன். நாலாவது ஆள் மூச்சை அடக்கி எண்ணிக்கொண்டு எதிர்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தான், அதுவும் விளக்குக்கு நேர் கீழே! என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

கோளாறு விளக்கு இருந்த இடத்தில். தண்ணீருக்குள் இருந்த இரண்டு விளக்கும் வீட்டைப் பார்த்து எரிந்தன. போட்டோவுக்கு அழகுதான், ஆனால் உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணில் வெளிச்சம் நேரே அடிக்கும், தண்ணீருக்குள் நடப்பது தெரியாது. அப்புறம் காசு செலவு செய்து, வீட்டுப் பக்கச் சுவரில், எதிர்ப்புறம் பார்த்து எரியும்படி மாற்றினோம். இப்போது ஒரு ரூபாய் நாணயத்தை ஆழமான மூலையில் போட்டுப் பார்ப்போம். கரையில் நின்று அது தெரியவில்லையென்றால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. மழை பெய்து கலங்கிய நாட்களில் பெரும்பாலும் தெரியாது, குமரி மாவட்டக்காரர்களான நமக்கோ வருஷத்தில் இரண்டு மழைக்காலம்.

குளோரினிலும் ஒரு தப்பு செய்தோம். வெயிலில் அது சீக்கிரம் வீரியம் இழந்துவிடும் என்பதால் சாயங்காலம் போடச் சொல்வார்கள். நாங்களும் ஆறு மணிக்குப் போட்டு ஏழு மணிக்கு இறங்கினோம், எல்லோருக்கும் கண் சிவந்துவிட்டது. இப்போது குளித்து முடித்த பிறகு போட்டு, இரவு பம்பை ஓட விடுகிறோம். மறுநாள் இறங்கும் முன் சோதனைத் தாளில் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு), அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம்.

தக்கலையிலிருந்து:

நான் வயரிங் வேலை செய்கிறவன். ஒரு வீட்டில் மழை பெய்தாலே ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச், விழுந்துகொண்டிருந்தது என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், தொந்தரவாக இருக்கிறதென்று யாரோ குளத்து லைனை மட்டும் அதன் வழியாக விடாமல் நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜங்ஷன் பெட்டியைத் திறந்தேன், அரை டம்ளர் தண்ணீர். அந்தக் குளத்தில் முந்தின ராத்திரி பிள்ளைகள் குளித்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் போகும் விளக்கு, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வரும் 12 வோல்ட் விளக்காகத்தான் இருக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். அது விழுகிறதென்றால் அதன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். கரையில் பாட்டுப் பெட்டிக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்கிற பழக்கத்தையும் விடுங்கள் அண்ணே.

குலசேகரத்திலிருந்து:

எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பர் மரம். மழை விட்ட ராத்திரி வெள்ளை லைட்டைப் போட்டால் போச்சு, ஈசல் மொத்தமும் தண்ணீரில்தான். மஞ்சள் விளக்குக்கு மாற்றியதும் நன்றாகவே குறைந்தது. ஈசல் விழுந்தால் தவளை வரும், தவளை வந்தால் அதைத் தின்கிறதும் வரும். ஒருநாள் மிதக்கிற குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையை எடுக்க வெறும் கையை விட்டேன், வழவழவென்று ஏதோ சுற்றியது. தண்ணீர்ப் பாம்புதான், விஷமில்லை. ஆனால் கட்டுவிரியனும் ராத்திரிதானே நடமாடும்? அன்றிலிருந்து முதலில் கம்பால் மூடியைத் தட்டி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கை. கரையில் கழற்றிப் போட்ட செருப்பையும் உதறிவிட்டுத்தான் போடுவேன்.

முட்டத்திலிருந்து:

இத்தனை பாடா? நாங்கள் ராத்திரி கடலில் இறங்கமாட்டோம், கிணற்றடியில் நாலு வாளி ஊற்றிவிட்டுப் படுத்துவிடுவோம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

குலசேகரத்துக்காரர் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி நானும் கம்பால் தட்டித்தான் மூடியைத் திறந்தேன். கூடையில் ஒரு தவளை, அதன் மேல் மயினி காணோம் என்று தேடிக்கொண்டிருந்த பிச்சிச் சரம்.