இடப்பக்கக் கார்பெட் அடியில் தண்ணி, காலையில் கண்ணாடி வேர்க்குது: எங்கிருந்து வருது?

வேளச்சேரி_வெள்ளை
வணக்கம். 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், சன்ரூஃப் கிடையாது, நிறுத்துறது வெட்டவெளியில். ஐப்பசி மழை பிடிச்சதிலிருந்து மூணு தொல்லை.

1. காலையில் எல்லாக் கண்ணாடியும் உள்பக்கம் வேர்த்திருக்கு. துணியைப் பிழிஞ்சா தண்ணி சொட்டுது.
2. ஏசி போட்டு ஓட்டினா முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் பட்டையா மங்குது. உள்ளே எவ்வளவு துடைச்சாலும் போகலை.
3. முன் இடப்பக்கம் மேட்டை எடுத்துட்டு கார்பெட்டை அழுத்தினா தண்ணி கசியுது. மக்கல் வாடை.

50 கிராம் சிலிக்கா ஜெல் பை நாலு போட்டேன், பலன் இல்லை. போன மாசம் முன்கதவு ஸ்பீக்கர் ரெண்டையும் மாத்தினேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா தெரியலை.

---

ஸ்பேனர்14
உங்க ரெண்டாவது தொல்லையைத் தனியா எடுத்து வெச்சிடுங்க. அது உள்ளே இல்லை, கண்ணாடிக்கு வெளியே. வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம்னா பனிநிலை (காத்து ஈரம் தண்ணியாப் படிய ஆரம்பிக்கிற வெப்பநிலை) கிட்டத்தட்ட 24 டிகிரி. ஏசி காத்து அடிச்சு கண்ணாடி அதுக்குக் கீழே குளிர்ந்தா வெளிப்பக்கம் வேர்க்கும், ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்கிற மாதிரி. வைப்பரை ஒரு தட்டு தட்டினா போயிடும். டேஷ்போர்டு நடு வென்ட்டைக் கண்ணாடிப் பக்கம் தூக்கி வைக்காதீங்க, டீஃப்ராஸ்ட்டில் இருந்தா மாத்துங்க, குளிரைக் கொஞ்சம் குறைங்க.

முதலாவதும் மூணாவதும் ஒரே வியாதி. கார்பெட் அடியில் இருக்கிற பஞ்சு பகலில் வெயில்பட்டு ஆவி விடுது, ராத்திரி கண்ணாடி ஆறினதும் அந்த ஆவி அங்கே போய்ப் படியுது. சிலிக்கா ஜெல் தன் எடையில் மூணில் ஒரு பங்கு ஈரம் குடிச்சாலே பெரிசு. 200 கிராமுக்கு 70 மில்லிகூடத் தேறாது. அந்தப் பஞ்சில் 2, 3 லிட்டர் சாதாரணமா நிற்கும். அதனால தண்ணி வர்ற வழியை முதலில் அடைங்க.

எந்தத் தண்ணின்னு பிரிச்சுப் பார்க்க:

ஒரு வெள்ளை டிஷ்யூவைக் கார்பெட்டில் அழுத்திப் பாருங்க. பிசுபிசுப்பா, பச்சையோ சிவப்போ நிறம், லேசா இனிப்பு வாடை இருந்தா ஹீட்டர் கோரிலிருந்து (டேஷ்போர்டுக்குள்ளே இருக்கிற சூடு தர்ற பாகம்) வர்ற கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம். அப்படியானா கண்ணாடியில் எண்ணெய் மாதிரி படலமும் படியும், கூலன்ட் மட்டமும் இறங்கும். மேற்கொண்டு ஓட்டாதீங்க.

வெறும் தண்ணின்னா அடுத்து ஏசி டிரெயின். மழை இல்லாதப்போ ஏசியை ஃபுல்லா வெச்சு 15 நிமிஷம் ஓட விடுங்க. வண்டி அடியில் சொட்டுச் சொட்டா விழணும், சென்னை ஈரத்துக்கு நல்லாவே விழும். விழலைன்னா ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகடு) இருந்து வெளியே வர்ற ரப்பர் குழாயைச் சேறோ பாசியோ அடைச்சிருக்கு. இவாப்பரேட்டர் (ஏசியின் குளிர்ச் சுருள்) தண்ணி போக வழியில்லாம உள்ளே கால்பக்கம் வழியும். கீழேயிருந்து வளையிற நைலான் நரம்பை மெதுவா விட்டுச் சுத்தம் பண்ணுங்க. கம்ப்ரெசர் காத்தை முழு அழுத்தத்தில் அடிச்சா உள்பக்க இணைப்பு கழண்டுக்கும், அப்புறம் டேஷ்போர்டைக் கழட்டுற வேலை.

ஏசி போடாத நாளிலும் மழை பெய்ஞ்சா நனையுதுன்னா மூணு இடம் பாக்கி: வைப்பருக்கு அடியில் கிரில் போட்டு மூடியிருக்கிற பள்ளமான கௌல், கதவு, ஃபயர்வாலில் வயர் நுழையிற ரப்பர் கிராமெட். கௌல் கிரில்லுக்குள்ளே வேப்பிலை, பூ எல்லாம் மக்கி டிரெயினை அடைச்சா தண்ணி தேங்கி, ஏசிக்குக் காத்து இழுக்கிற வாய் வழியாவே உள்ளே இறங்கும். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்க. அது நனைஞ்சு சுருண்டிருந்தா குற்றவாளி கௌல்தான்.

---

குன்னூர்_ரெண்டாம்_கியர்
ஸ்பேனர் அண்ணா சொன்னதோட ஒண்ணு. "கண்ணாடி மங்கினா ரீசர்க்குலேஷனை (உள்காத்தையே திரும்பச் சுத்த விடுறது) அணை"ன்னு எல்லாரும் சொல்வாங்க. மலையில அது சரி. 8 டிகிரி காத்தில் முழு ஈரம் இருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு 8 கிராம் தண்ணிதான். உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானா அதே காத்து 50 சதவீத ஈரத்துக்குக் கீழே போயிடும், கண்ணாடியை ஒரு நிமிஷத்தில் துடைச்சு விட்டுடும். இங்கே ஃப்ரெஷ் ஏர், ஹீட்டர், கூடவே ஏசி பட்டன், மூணும் சேர்ந்து ஆன்ல இருக்கணும். குளிருதுன்னு ஏசியை அணைக்கிறவங்கதான் துணியும் கையுமா ஓட்டுறாங்க.

சென்னையில மழைநாள் காத்தில் கன மீட்டருக்கு 22 கிராம் இருக்கு. அங்கே ஈரத்தை எடுக்கிறது ஏசி ஒண்ணுதான். வண்டியை உலர்த்தணும்னா ரீசர்க்குலேஷனில் ஏசி போட்டு, வெப்பக் குமிழை சூட்டுப் பக்கம் திருப்பி அரைமணி ஓட விடுங்க, வெட்டவெளியில நிறுத்தி மட்டும். கண்ணாடியை இறக்கி வெச்சுட்டுப் போனா அடைமழை மாசத்தில் எதுவும் காயாது. ஏசி அணைச்சு ரீசர்க்குலேஷன் மட்டும் போடுறது எந்த ஊரிலும் தப்பு.

---

வேளச்சேரி_வெள்ளை
பார்த்தேன். கூலன்ட் இல்லை, நிறமும் பிசுக்கும் இல்லை. ஏசி தண்ணி கீழே நல்லா சொட்டுது. கேபின் ஃபில்டர் காய்ஞ்சிருக்கு. இடது கதவு மேல 10 நிமிஷம் குழாய்த் தண்ணி விட்டப்போ டிரிம்முக்கும் (கதவின் உள்பக்க அட்டை) வாசல்படி ஸில் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் வெச்ச டிஷ்யூ நனைஞ்சுது. வலப்பக்கம் அதே மாதிரி பண்ணினேன், நனையலை.

---

டோர்பேட்_டாக்டர்
அப்போ ஸ்பீக்கர் மாத்தினப்போ நடந்ததுதான்.

கதவுக்குள்ளே மழைத்தண்ணி போறது தப்பில்லை. கண்ணாடி ரப்பரைத் தாண்டி இறங்கி, அடியில் இருக்கிற ஓட்டைகள் வழியா ரோட்டில் விழும், அதுக்குத்தான் அந்த ஓட்டை. அது வண்டிக்குள் வராம தடுக்கிறது டிரிம்முக்குப் பின்னால கறுப்பு பிசின் வெச்சு ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட். அந்தப் பிசின் பியூட்டைல். ஸ்பீக்கர் போடுறவங்க ஷீட்டைக் கிழிச்சோ பாதி உரிச்சோ விட்டுட்டு டிரிம்மை அமுக்கி மூடிடுவாங்க. வெளியிலிருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது.

டிரிம்மைக் கழட்டுறப்போ கைப்பிடிக் குழிக்குள்ளேயும் உள்லாக் லீவருக்குப் பின்னாலேயும் மூடிபோட்ட ஸ்க்ரூ இருக்கும், மறந்து இழுத்தா பிளாஸ்டிக் உடையும். கிளிப் நாலஞ்சு உடைஞ்சே தீரும், முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க. ஷீட் முழுசா இருந்தா பழைய பியூட்டைலை ஹேர் டிரையரில் சூடாக்கி மறுபடி அமுக்கினாலே போதும். கிழிஞ்சிருந்தா 200 மைக்ரான் பாலிதீன் ஷீட்டைப் பழசை மேல வெச்சு அளவெடுத்து வெட்டுங்க. உலோகத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைச்சு, காய்ஞ்சதும் 6 முதல் 8 மி.மீ. பியூட்டைல் கயிறை அறுபடாம சுத்தி ஒட்டுங்க.

எல்லாரும் கோட்டை விடுற இடம் அடிப்பக்கம். ஷீட்டின் கீழ் ஓரம் கதவு இரும்பிலுள்ள நீளத் துளைக்குள்ளே செருகியிருக்கணும், இரும்புக்கு மேல தொங்கக் கூடாது. ஷீட்டின் பின்புறம் வழியிற தண்ணி அப்போதான் கதவுக்குள்ளேயே திரும்பும். வெளியே தொங்கினா நீங்களே ஓடு போட்டு வீட்டுக்குள்ளே தண்ணியை இறக்கின மாதிரி.

புது ஸ்பீக்கருக்கு அடாப்டர் வளையம் போட்டிருந்தா அதுக்கும் கதவுக்கும் நடுவில் ஃபோம் கேஸ்கெட் வேணும், இல்லைன்னா தண்ணி வளையத்தைத் தாண்டி முன்னால வரும். சிலிகான் பூசாதீங்க. வினிகர் வாடை அடிக்கிற வகை காயும்போது விடுற அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அடுத்த தடவை கழட்டுறவனும் உங்களைத் திட்டுவான். பேக்கிங் டேப் ஒரு வெயிலுக்குத் தாங்காது. கையோட கதவடி ஓட்டைகளை ஒரு கேபிள் டை விட்டுக் குத்திவிடுங்க. கதவை ஆட்டினா சளப்புன்னு சத்தம் வந்தா அடைச்சிருக்குன்னு அர்த்தம்.

---

ஸ்பேனர்14
அடைச்ச பிறகு காய வைக்கிறது. மேல துடைச்சா போதாது, கார்பெட் தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும், பஞ்சு அடியில் ஊறிக் கிடக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டி 10 நிமிஷம் விட்டு, இடது சீட்டின் போல்ட்டுகளைக் கழட்டுங்க, சீட்டடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அது கழண்டிருக்கும்போது இக்னிஷன் போட்டா ஏர்பேக் விளக்கு எரிஞ்சு, ஸ்கேனர் வெச்சுத்தான் அணைக்கணும். ஸில் பிளாஸ்டிக்கைத் தூக்கி, கார்பெட்டை மடக்கி, அடியில் ரெண்டு மரக்கட்டை கொடுத்து நிறுத்துங்க. ஈரம் உறிஞ்சும் வேக்யூமில் எடுக்க முடிஞ்ச அளவு எடுங்க, அப்புறம் டேபிள் ஃபேன் ரெண்டு நாள்.

இரும்பில் துரு தெரிஞ்சா இப்பவே தேய்ச்சு பிரைமர் அடிச்சிடுங்க. சீட் துணியில் பூசணம் இருந்தா 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் போட்டுத் துடைங்க. கதவைத் திறந்து வெச்சுட்டு, பீடி சிகரெட் பக்கத்தில் வராம. ப்ளீச்சிங் தண்ணி நிறத்தை உரிச்சிடும். சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்க, சுருளுக்குள்ளே பூத்திருக்கும்.

---

வேளச்சேரி_வெள்ளை
கடையில ஈரம் உறிஞ்சுற டப்பா விக்கிறாங்களே, அது போடலாமா அண்ணா?

---

ஸ்பேனர்14
அது கால்சியம் குளோரைடு. மூடின அலமாரிக்குச் சரி. வண்டியில் ஒரு பிரேக் அடிச்சா கவிழும், அந்த உப்புத்தண்ணி பட்ட கார்பெட் காயவே காயாது, காத்திலிருந்தே ஈரத்தை இழுத்துக்கிட்டு இருக்கும், அடியில் இரும்பையும் தின்னும். வேண்டாம்.

ஷீட்டை ஒட்டின கையோட டிரிம் போடாதீங்க. அப்படியே கதவை மூடி, வெளியே 10 நிமிஷம் தண்ணி விட்டு, உள்ளேயிருந்து டார்ச் அடிச்சு அடி ஓரத்தைப் பாருங்க. காய்ஞ்சிருந்தா டிரிம்மை மாட்டலாம்.