காரின் இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றும் முன் ஒரு சந்தேகம், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஓடிக்கொண்டிருக்கும்போதே என் கார் இன்ஜின் நின்றுவிடுகிறது. கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரில் பி0606 என்ற பிழைக் கோடு (இசிஎம்மின் உள்ளே இருக்கும் பிராசஸரில் கோளாறு என்று அர்த்தம்) காட்டுகிறது, அழித்தாலும் திரும்ப வருகிறது. இசிஎம் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். பேட்டரி, ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த் வயர் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆகி சென்சார்களுக்கு இசிஎம் கொடுக்கும் 5 வோல்ட் சப்ளை இறங்கினாலும் இசிஎம் பழுது போலவே தெரியும் என்பதால் தயங்குகிறேன். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வோல்டேஜை அளந்தால் போதுமா?

அப்புறம், பார்ட் நம்பர் ஒன்றாக இருந்தாலும் வேறு வண்டியின் இசிஎம்மை அப்படியே மாட்டினால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு அமைப்பு) பெரும்பாலும் சாவியை ஏற்காது. பழையதிலிருந்து டேட்டாவை குளோன் செய்து (அப்படியே காப்பி எடுத்து) போட்டவர்கள் இருக்கிறீர்களா? பிரச்சினை இல்லாமல் ஓடுகிறதா? குடும்பத்தோடு போகிற வண்டி, நடுரோட்டில் நிற்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.