ஆடி அமாவாசைக்கு மகள் எள்ளும் தண்ணீரும் விடலாமா?

கொழிஞ்சாம்பாறை மகள்:
அப்பாவுக்கு வருஷத் திதி முடிந்தது. நான் ஒரே பிள்ளை. இந்த ஆடி அமாவாசைக்கு நானே செய்கிறேன் என்றதும் கோயமுத்தூர்ப் பக்கத்துச் சொந்தங்கள் கொதித்துவிட்டார்கள். பங்காளி வீட்டுப் பையன் பேரூரில் நொய்யல் கரையில் விடுவானாம். அப்பா படுக்கையில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவன்! இங்கே கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் அதே நாளில் கர்க்கடக வாவு, மலையாளிகள் முன்னோருக்குப் பலி இடுகிற அமாவாசை. திருநாவாயில் பாரதப்புழைக் கரையில் ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து பலி இடுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் கூடாது?

பொள்ளாச்சிக்காரர்:
தங்கச்சி, உங்கள் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் தர்ப்பணம் வேறு, வாவுபலி வேறுங்க. நாம் மூன்று தலைமுறையைக் கோத்திரமும் பெயரும் சொல்லிக் கூப்பிடுகிறோம். கல்யாணமான பெண்ணுக்குக் கோத்திரம் மாறிவிடுகிறது. புறநானூறே 'தென்புல வாழ்நர்க்கு அருங்கடன் இறுக்கும்', அதாவது முன்னோருக்குக் கடன் செலுத்தும் புதல்வரைத்தான் சொல்கிறது. நீங்கள் சுத்தமாகச் சமைத்துக் காக்கைக்கு வையுங்கள், அதுவே பெரிய காரியம்.

கொழிஞ்சாம்பாறை மகள்:
அண்ணா, அதே தர்ப்பணத்தில் அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கும் அவருக்கு முந்தின இரண்டு பேருக்கும் விடுகிறோமே. கோத்திரம் மாறிய பிறகும் மகள் வழியாகக் கடன் போய்ச் சேரத்தானே செய்கிறது?

பொள்ளாச்சிக்காரர்:
போகிறது, பேரன் கையால். உங்கள் மகனுக்கு அந்த உரிமை உண்டு.

கொழிஞ்சாம்பாறை மகள்:
அவனுடைய அப்பா நன்றாக இருக்கிறார். தகப்பன் இருக்கும்போது பிள்ளை தர்ப்பணத்துக்கு உட்காரக் கூடாது என்பதும் நம் முறைதானே?

பொள்ளாச்சிக்காரர்:
அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நவராத்திரி முதல் நாள், தகப்பன் இருந்தாலும் பேரன் தாத்தாவுக்குச் செய்யலாம்.

கொழிஞ்சாம்பாறை மகள்:
சரி, வருஷத்தில் ஒரு நாள். ஆடி அமாவாசைக்கு அப்பா யார் வாசலுக்கு வருவார்?

சித்தூர் அக்கா:
நானும் தமிழ் வீட்டுப் பெண்தான், பாலக்காட்டுச் சித்தூருக்கு வாக்கப்பட்டவள். என் அம்மாவுக்கு நான்தான் பலி இட்டேன். தர்ப்பை மோதிரம் போட்டு, வாழையிலையில் உணக்கலரி என்கிற பச்சரிசிச் சோற்று உருண்டை, எள், துளசி, அப்புறம் செறூளை. நம்மூரில் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அதே சிறுபூளைதான்! சடங்கை நடத்துகிற கர்மி சொல்லச் சொல்ல வைக்க வேண்டும். கடைசியில் ஈரக் கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் என்னிடம் 'ஆண் துணை இல்லையா' என்று கேட்கவில்லை. பொள்ளாச்சி அண்ணா, பெற்ற மகள் கையை விட எட்டிப் பார்க்காத பங்காளி கை எப்படி உசத்தி?

பொள்ளாச்சிக்காரர்:
கையில் உசத்தி தாழ்த்தி இல்லைங்க. பக்கத்து ஊரில் வசதியாக இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டால் நம் வீட்டு முறை என்று நாளைக்கு என்ன மிஞ்சும்? வாவுக்குப் போங்கள், தடுக்கவில்லை. பேரூரில் அந்தப் பையனும் விடட்டும். ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது.

கொழிஞ்சாம்பாறை மகள்:
அவன் விடுவதானால் விடட்டும். நான் திருநாவாய்க்குப் போகிறேன். அக்கா, முந்தின நாள் 'ஒரிக்கல்' விரதம் எப்படி இருக்க வேண்டும்?

சித்தூர் அக்கா:
ஒரு வேளைதான் அரிசிச் சோறு. இராத்திரிக்குப் பழமோ கோதுமைப் பலகாரமோ போதும். மீன், முட்டை, இறைச்சி வேண்டாம். விடிவதற்கு முன்னாலேயே அங்கே இருங்கள், கூட்டம் நெரியும்.