'சவுண்ட்' என்பதற்கு 'ஒலிவண்ணம்': ஓபெத் குழுவை முன்வைத்து ஒரு முன்மொழிவு

இசைச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஓர் இசைக்குழுவின் 'சவுண்ட்' என்று ரசிகர்கள் பேசிக்கொள்ளும் பொருளுக்கு, அதாவது அக்குழுவின் இசை மொத்தமாகக் காதில் விழும் விதத்துக்கு, தமிழில் நிலையான சொல் வேண்டும் என்ற கேள்வி சென்ற வாரம் இங்கே எழுந்தது. கோவை நண்பர் 'ஒலிப்பாணி' என்றார். யாழ்ப்பாணத்து அம்மையார் 'இசைமுகம்' என்றார். இரண்டையும் ஒரு வாரமாக எழுதிப் பார்த்தேன், வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், கிட்டார் வாசிக்கும் என் அக்காள் மகனிடம் சொல்லியும் பார்த்தேன். இரண்டும் என் எழுத்தில் ஒரே இடத்தில் முறிந்துபோயின. அந்த இடத்தைக் காட்டி, 'ஒலிவண்ணம்' என்ற சொல்லை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் எழுத முயன்றது, ஸ்வீடன் நாட்டு மெட்டல் (கனத்த கிட்டார் ஒலியுள்ள ராக் இசை வகை) குழுவான ஓபெத் 2024 நவம்பரில் வெளியிட்ட 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' இசைத்தொகுப்புக்கு ஒரு மதிப்புரை. 2001இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' தொகுப்பிலிருந்து இக்குழுவைக் கேட்டுவருகிறேன். இவர்களைப் பற்றித் தமிழில் நான்கு பக்கமாவது உருப்படியாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் முதல் வரியே நகரவில்லை. 'ஓபெத்தின் ஒலி மாறிவிட்டது' என்று எழுதினால் ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு என்று படிப்பவர் நினைப்பார். எங்கள் சிங்கப்பூரிலோ 'ஒலி' என்றதும் அப்பெயருள்ள 96.8 தமிழ் வானொலிதான் முதலில் நினைவுக்கு வரும். 'இசை மாறிவிட்டது' என்றால் மெட்டு வேறு, பாட்டு வேறு என்று பொருள்படும். 'குரல் மாறிவிட்டது' என்பது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு வேண்டிய சொல் எது என்று புரிந்தது.

குழுவின் பாடகர் மிக்கேல் ஓகெர்ஃபெல்ட், தொண்டையின் அடியாழத்திலிருந்து எழும் 'குரோல்' என்ற குரலிலும், தெளிந்த மென்குரலிலும் மாறிமாறிப் பாடுபவர். குரோலுக்கு முன்பு ஒரு மடலில் 'கர்ஜனை' என்று பரிந்துரைக்கப்பட்டது. கர்ஜனை ஒருமுறை எழுந்து அடங்குவது. மேடைப் பேச்சுக்கும் நாம் அதையே சொல்லித் தேய்த்துவிட்டோம். குரோல் அடங்காமல் பாட்டின் வரிகளைச் சுமந்துகொண்டே நீள்வது. 'உறுமல்' அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. தோலின்மீது வளைந்த குச்சியைத் தேய்த்து எழுப்பும் அந்த அடித்தொண்டை ஒலியால்தான் உறுமிக்கு உறுமி என்ற பெயரே வந்தது. இங்கே உறுமி மேளக் குழுக்களோடு வளர்ந்த இளையர்களுக்கு அந்த ஒலியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எனவே 'உறுமற்குரல்' என்று வைத்துக்கொள்கிறேன். இதில் பெரிய கருத்துவேறுபாடு இருக்காது என்று நம்புகிறேன்.

இனி ஓபெத்தின் வரலாற்றில் மூன்று ஆண்டுகளை மட்டும் பாருங்கள். 2003இல் வந்த 'டாம்நேஷன்' தொகுப்பில் உறுமற்குரல் அறவே இல்லை. மெல்லோட்ரான் என்ற பழைய விசைப்பலகைக் கருவியும் மென்மையான கிட்டாருமாக முழுத் தொகுப்பும் தாழ்ந்த குரலில் செல்கிறது. ஆனாலும் அதைக் கேட்ட எனக்கு ஓபெத் மாறிவிட்டது என்று தோன்றவில்லை, ஏனென்றால் அந்த அமைதியான பகுதிகள் முந்தைய தொகுப்புகளிலும் இரைச்சலுக்கு நடுவே திட்டுத்திட்டாக இருந்தவைதான். 2008இல் வந்த 'வாட்டர்ஷெட்' தொகுப்பில் உறுமல் இருந்தது. 2011இல் 'ஹெரிட்டேஜ்' வந்தது. அதிலும் உறுமல் இல்லை. ஆனால் இம்முறை வேறொரு குழுவின் தட்டை வாங்கி வந்துவிட்டோமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். குறுவட்டைப் போட்டதும் தனித்த பியானோ ஒன்று இரண்டு நிமிடம் ஒலித்தது. அதன்பின் வந்த கிட்டாரில் பழைய கனமான டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் மின்விளைவு) இல்லை. 1970களின் ராக் தட்டுகளில் கேட்கும் ஆர்கனும் ஜாஸ் சாயலுள்ள டிரம்ஸும் முன்னால் வந்து நின்றன.

அன்று சமையலறையில் என் அம்மா இருந்தார். பத்தாண்டுகளாகக் கதவைச் சாத்தச் சொல்லியே பழகியவர், கையில் கரண்டியோடு வந்து வாசலில் நின்றார். "என்னப்பா, இன்னிக்குக் கூப்பாட்டையே காணோம்? வேற யாராச்சும் பாடுறாங்களா?" என்று கேட்டார். அதே ஆள்தான் என்றேன். இரண்டு பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, "ஆளு அதே ஆளா இருக்கலாம். வீடு மாறிப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். பிற்பாடு அந்த வாக்கியத்துக்கு மீண்டும் வருகிறேன்.

அப்படியானால் 2003க்கும் 2011க்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் உறுமற்குரல் இல்லை. முன்னதில் எஞ்சியவை எல்லாம் பழைய தொகுப்புகளிலும் இருந்தவைதான். பின்னதில் அவையும் சேர்ந்து இடம்மாறின. 2024இல் இதன் மறுபக்கத்தைக் கேட்டோம். 16 ஆண்டுகளுக்குப் பிறகு உறுமற்குரல் திரும்பி வந்தது. தலைப்புக்குப் பதிலாகச் சட்டப் பிரிவுக் குறியும் (§) எண்ணும் மட்டுமே தாங்கிய ஏழு பாட்டுகளில் முதலாவதிலேயே அதைக் கேட்டுப் பழைய ரசிகர்கள் பலர் கண்கலங்கியிருப்பார்கள், நானும் கலங்கினேன். ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போதே ஒன்று தெளிவாகிவிடுகிறது. இறந்த தந்தையின் உயிலைப் பிள்ளைகள்முன் படிக்கும் கதையைச் சொல்லும் அந்தத் தொகுப்பில், பிரிட்டிஷ் ராக் குழுவான ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழலும் வாசிக்கிறார், கதைசொல்லியாகவும் பேசுகிறார். நரம்பிசைக் குழு பின்னால் விரிகிறது. 2011இல் வந்த ஆர்கனும் டிரம்ஸின் துள்ளலும் போகவில்லை. குரல் திரும்பியிருக்கிறது, 'சவுண்ட்' திரும்பவில்லை. இந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியைத் தமிழில் சொல்லத்தான் எனக்குச் சொல் வேண்டும்.

'ஒலிப்பாணி' இங்கேதான் முறிகிறது. பாணி என்பது ஒருவர் கற்றுத் தம் கையிலும் தொண்டையிலும் ஏற்றிக்கொண்டது. ஒலிப்பதிவு மோசமாக இருந்தாலும் அவருடைய பாணி மோசமாவதில்லை. 'சவுண்ட்' அப்படிப்பட்டதன்று. அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா 1988இல் வெளியிட்ட நான்காம் தொகுப்பை நினைத்துப் பாருங்கள்: பேஸ் கிட்டார் காதில் விழாத அளவுக்குக் கலவையில் (மிக்ஸிங்) அமிழ்ந்துபோனது. பேஸ் வாசிக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த ஜேசன் நியூஸ்டெட் வாசிக்காமல் இல்லை. அவர் வாசித்தது நம் காதுக்கு வரவில்லை. அந்தத் தொகுப்பின் வறண்ட, எலும்பு துருத்திய தன்மை யாருடைய பாணியும் அன்று, கலவை மேசையில் உண்டானது. 1991இல் பாப் ராக் (Bob Rock) என்பவரின் தயாரிப்பில் வந்த அடுத்த தொகுப்பில் அதே நால்வரே வாசித்தார்கள். வேகம் குறைந்தது, அடித்தளம் நிறைந்தது, ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வாசிப்பவர், கருவி, சுருதியை இறக்கிக் கட்டும் முறை, ஒலிப்பதிவு, கலவை, குரல் எல்லாம் சேர்ந்து செவியில் வந்து விழும் மொத்தத்துக்குப் பெயர் தேடுகிறோம். பாணி அதில் ஒரு பங்கு மட்டுமே.

'இசைமுகம்' அழகான சொல். ஆனால் முகம் அடையாளத்தைச் சொல்கிறதே தவிரக் காதுக்கு எதையும் சொல்லவில்லை. 'முகம் கனமாக இருக்கிறது', 'முகம் வறண்டிருக்கிறது' என்று அதை நீட்டும்போது ஆள்முகமே கண்முன் வருகிறது. 'தொனி'யைக் கிட்டார்காரர்களின் 'டோன்' என்பதற்கு விட்டுவைக்க வேண்டும். அவர்கள் ஆம்ப்ளிஃபயர் முன் மணிக்கணக்காக உட்கார்ந்து தேடுவது அதைத்தான்.

தமிழில் இந்த மொத்தத்துக்கு முன்பே ஒரு பெயர் இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் 20 வண்ணங்களைச் சொல்கிறது. வல்லெழுத்து மிகுந்து வந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம். நெடில் பயின்றால் நெடுஞ்சீர் வண்ணம், குறில் பயின்றால் குறுஞ்சீர் வண்ணம். உருட்டு, முடுகு, தூங்கல், ஏந்தல் என்று பட்டியல் நீள்கிறது. இவை செய்யுளின் பொருளைப் பற்றியவை அல்ல. யாப்பைப் பற்றியவை மட்டுமும் அல்ல. ஒரே ஆசிரியப்பாவில் ஒருவர் வல்லிசையாகவும் இன்னொருவர் மெல்லிசையாகவும் எழுதலாம். சீரும் அடியும் மாறாமலே காதில் விழுவது மாறிவிடும். ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் இசைத்துணுக்கை) இரண்டு குழுக்கள் வாசிக்கும்போது நிகழ்வதும் இதுதான். செய்யுளின் ஒலி செவியில் எப்படி விழுகிறது என்பதை வகைப்படுத்திப் பெயரிட்ட ஒரு மொழியில், அந்தப் பெயரை விட்டுவிட்டு நாம் புதிதாக ஒன்றைத் தேடுவது முறையாகாது என்பது என் உறுதியான கருத்து.

தனித்து 'வண்ணம்' என்றால் போதாது. தமிழிசை வட்டாரத்தில் வர்ணத்தையும் 'வண்ணம்' என்று எழுதுவோர் உண்டு. ஆகவே 'ஒலி' முன்னால் நிற்க வேண்டும்.

அக்காள் மகனுக்கு வயது பதினேழு. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் வாங்கிய கிட்டாரோடு சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். ஓபெத்தின் பழைய ரிஃப் ஒன்றை முதலில் டிஸ்டார்ஷன் முழுதும் ஏற்றி, உள்ளங்கையின் ஓரத்தால் தந்தியை அமுக்கி வாசிக்கச் சொன்னேன். பிறகு அதே சுரங்களைக் கையை எடுத்துவிட்டு, டிஸ்டார்ஷனைப் பாதியாக்கி, சற்று எதிரொலி சேர்த்து வாசிக்கச் சொன்னேன். என்ன மாறியது என்று கேட்டேன். "நோட்டு ஒண்ணுதான் மாமா, சவுண்ட் வேற" என்றான். அதைத் தமிழில் 'ஒலிவண்ணம்' என்று சொல்லலாமா என்றதற்கு, "வண்ணம்னா கலர்தானே மாமா? அப்ப அது டிம்பர் இல்லையா?" என்று திருப்பிக் கேட்டான். நம் குழுவிலும் இதே கேள்வி வரும் என்பதால் அவனுக்குச் சொன்ன விடையை இங்கே தருகிறேன். ஒரே சுரத்தை வயலினும் நாகசுரமும் எழுப்பும்போது காது உணரும் வேறுபாடு டிம்பர். அது ஒரு கருவியின் தன்மை, அதற்கு 'ஒலிநிறம்' பொருந்தும். வண்ணம் நிறத்தைவிட அகன்ற சொல். 'அவ்வண்ணமே செய்க', 'கேட்போர் வியக்கும் வண்ணம் பாடினார்' என்று எழுதுகிறோமே, அங்கே வண்ணம் என்பது விதம், ஒரு செயல் அமையும் முறை. 'கேட்போர் வியக்கும் நிறம் பாடினார்' என்று யாரும் எழுத மாட்டோம். பல ஒலிநிறங்கள் கூடி ஒரு விதமாக அமைவது ஒலிவண்ணம். இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் மோதிக்கொள்ள மாட்டா.

எங்கள் ஊர்க் குழுவான ருத்ராவுக்கும் இதைப் பொருத்திப் பார்த்தேன். 1992இல் தொடங்கிய அக்குழு தன் இசையை 'வேத மெட்டல்' என்று அழைத்துக்கொள்கிறது. அந்தப் பெயர் பாடுபொருளைச் சொல்கிறது. ஆனால் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்த 'பிரம்மவித்யா' தொகுப்புகள் மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்பவர் பேச விரும்புவது, பாடுபொருள் தொடர்ந்து வரும்போதே காதில் விழுவது எங்கெங்கே வேறாகிறது என்பதைத்தான். 'மூன்றின் ஒலிவண்ணமும் ஒன்றன்று' என்று எழுதினால் பேச்சு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கடைசியாக, ஒலிவண்ணம் மாறுவதை எப்படிச் சொல்வது? ரசிகர்களின் சண்டை முழுவதும் இந்த இடத்தில்தான் நடக்கிறது என்பதால், தீர்ப்புச் சொல்லாத ஒரு சொல் வேண்டும். 'பரிணாமம்', 'முதிர்ச்சி' இரண்டும் மாற்றத்தை உயர்வாக்கிவிடுகின்றன. 'திரிபு' என்றால் பால் திரிந்தது போல ஆகிவிடும். 'வண்ணமாற்றம்' எளிமையானது, ஆனால் நிறம் மாறுவதைப் பச்சோந்தியோடு சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். 2011இல் ஓபெத் விலைபோய்விட்டது என்று கொதித்தவர்கள் அந்தச் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டால் மதிப்புரை எழுதுபவரின் நடுநிலை போய்விடும். 'பெயர்ச்சி' என்றால் சனியும் குருவும் வந்து நல்லதும் கெட்டதும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அம்மா சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். வீடு மாறுவதைக் குடிபெயர்தல் என்கிறோம். குடிபெயர்பவர் சாமான்களில் சிலவற்றைக் கொண்டுபோவார், சிலவற்றை விட்டுப்போவார், புது வீட்டுக்கென்று சிலவற்றை வாங்குவார். போன இடம் நல்ல இடமா என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை. எனவே 'ஒலிவண்ணப் பெயர்வு' என்பதை முன்மொழிகிறேன். சொல் சற்று நீளம் என்பதை அறிவேன்; ஒரே கட்டுரையில் இரண்டாம் முறை வரும்போது 'வண்ணப்பெயர்வு' என்று சுருக்கிக்கொள்ளலாம். இதைவிடக் குறுகிய, தீர்ப்பு ஏறாத சொல் யாரிடமாவது இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். 'ஒலிவண்ண'த்தை மட்டும் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்தச் சொற்களைக் கொண்டு மதிப்புரையின் தொடக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன். எங்காவது தட்டுப்படுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்:

'ஓபெத்தின் உறுமற்குரல் 16 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பியிருக்கிறது. ஆனால் 2011இல் தொடங்கிய ஒலிவண்ணப் பெயர்வு திரும்பவில்லை. உறுமற்குரலே புதிய ஒலிவண்ணத்துக்குள் வந்து குடியேறியிருக்கிறது.'

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து