கிளிநொச்சியில் வெளிச்சுவருக்குக் கடும் சாம்பல் நிறம்: சரிவருமோ?

முறிகண்டியான்:
வீடு 30 அடிக்கு 25 அடி, சுவர் பத்தடி உயரம். சீமெந்துக் கல்லு, பூச்சு முடிஞ்சு மூண்டு மாசம். மேற்க பாத்த வாசல், அஸ்பெஸ்டஸ் சீற், தாழ்வாரம் ரண்டடி வெளியில நிக்குது. பீலி இன்னும் போடேல்லை. முற்றம் முழுக்கச் செம்மண். வெளியால சுத்திவரச் சாக்கோல் கிறே (கரிமாதிரிக் கடும் சாம்பல்) அடிச்சு, யன்னல் நிலைக்கு மட்டும் வெள்ளை விடுவம் எண்டு வீட்டில ஒரே பிடியா நிக்கினம். எங்கட வெயிலுக்கு அது தாங்குமோ? இல்லாட்டி வழமையான ஓஃப் வைட்தானோ?

கரிக்கோடு:
யோசிக்காமல் அடியுங்கோ. இந்த மண்ணில ஓஃப் வைட் ஒரு மாரி தாண்டாது. பீலி இல்லாத தாழ்வாரத்தால கொட்டுற தண்ணி செம்மண்ணை ரண்டு, ரண்டரை அடி உயரத்துக்குத் தெறிக்கும். அந்த மண்ணில கிடக்கிறது இரும்பு ஒக்சைட். சொரசொரப்பான பூச்சுக்குள்ள இறங்கினால் சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சாலும் காவி போகாது. பிறகு சோளகம் தொடங்க கிரவல் றோட்டுப் புழுதி. வருசா வருசம் தைப்பொங்கலுக்குச் சுவர் அடிக்கிறதுக்கு ஆர் காசு வைச்சிருக்கினம்?

கடும் நிறம் வெளிறும் எண்டு சொல்லுவினம். அது எல்லா நிறத்துக்கும் பொருந்தாது. சாம்பல் கலக்கிறது கறுப்பு ஒக்சைட், கரிக் கறுப்பு, கொஞ்சம் காவி. இதுகள் வெயிலுக்கும் சீமெந்தின்ர காரத்துக்கும் அசையாது. வெளிறிப் போறது பளீர்ச் சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும்தான்.

நிழல்மரம்:
நிறம் நிக்கும், வீட்டுக்குள்ள சனம் நிக்க ஏலாது. கலர் கார்டின்ர பின்பக்கத்தைப் பாருங்கோ, எல்ஆர்வி எண்டொரு எண் கிடக்கும். கறுப்பு 0, வெள்ளை 100. விழுற வெளிச்சத்தில எவ்வளவைச் சுவர் திருப்பி அனுப்புது எண்ட கணக்கு. சாக்கோல் பெரும்பாலும் 10ஐச் சுத்தி நிக்கும். ஓஃப் வைட் 80. மேற்குச் சுவருக்குப் பின்னேரம் மூண்டுக்கும் அஞ்சுக்கும் இடையில நேர் வெயில். ரண்டடித் தாழ்வாரம் அந்தச் சரிஞ்ச வெயிலை மறிக்காது. கல்லு வாங்கின சூடு உடன உள்ள வராது, சில மணித்தியாலம் பிந்தித்தான் இறங்கும். அதாவது நீங்கள் பாய் விரிக்கிற நேரத்துக்கு.

கரிக்கோடு:
சூடெண்டால் முதல் சீற்றைப் பாருங்கோ. எங்கட இடம் 9 பாகை வடக்கு. சித்திரையிலயும் ஆவணிக் கடைசியிலயும் சூரியன் நேர் உச்சியில. அந்த வெயிலை வாங்கிறது கூரை, சுவரில்லை. சீற்றுக்கு வெள்ளைக் கூரைப் பெயின்ற் அடிச்சு, உள்ளுக்குச் சீலிங் போட்டால் வாற குளிர்ச்சிக்குப் பக்கத்தில சுவர் நிறத்தின்ர பங்கு சின்னன்.

பிறகு எல்ஆர்வி கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்துக்கு மட்டும்தான். வெயிலின்ர சூட்டில ஏறக்குறைய அரைவாசி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதைத் திருப்பி அனுப்பிற கறுப்பு நிறமியும் இருக்கு. ஒரே எண் போட்ட ரண்டு பெயின்ற் ஒரே அளவு சுடாது.

நிழல்மரம்:
கிளிநொச்சியில எந்த ஹாட்வெயாரில அந்த நிறமியைக் கலந்து தருவினம்? கடையில நிறம் கலக்கிற டின்ரிங் மெசினில கிடக்கிறது சாதாரணக் கரிக் கறுப்பு. அது அகச்சிவப்பையும் சேர்த்து விழுங்கும். கூரைக் கதை சரி, மறுக்கேல்லை. ஆனால் கூரையை வெள்ளையாக்கிப்போட்டு மேற்குச் சுவரைக் கறுப்பாக்கிறது என்ன நியாயம்?

தின்னர்மணம்:
ரண்டு பேரும் வீட்டை ஒரே சுவராக நினைச்சுக் கதைக்கிறியள். சுவர் நாலு.

ஆனி மாசம் சூரியன் எங்களுக்கு வடக்கால போகும், ஆனால் உச்சியில இருந்து 14 பாகைதான் விலகும். ரண்டடித் தாழ்வாரம் அந்த மத்தியான வெயிலுக்கு எட்டடி நிழல் விழுத்தும், வடக்குச் சுவர் கிட்டத்தட்ட முழுக்க மறையும். தெற்குச் சுவருக்கு வெயில் சரியிறது மார்கழியில, கிட்டத்தட்ட 33 பாகை. அப்ப நிழல் மூண்டடிதான், ஆனால் அது மாரிகாலம். கிழக்கும் மேற்கும்தான் பிரச்சினை. கடும் நிறம் வேணுமெண்டால் வடக்கிலயும் தெற்கிலயும் வையுங்கோ, மேற்கை வெளிறலாய் விடுங்கோ. நிறம் மாறிற இடம் உள்மூலையாய் இருக்கவேணும். வெளிமூலையில மாத்தினால் காகிதம் ஒட்டினமாதிரித் தெரியும்.

சாக்கோல் வாங்கிறதுக்கு முதல் இன்னொரு விசயம். கடும் நிறத்தை டீப் பேஸ் எண்ட அடிப்பெயின்ற்றில கலக்கிறது. அதில வெள்ளை நிறமி இல்லாத குறை, அதனால ரண்டு கோட்டில மூடாது, மூண்டு வேணும். கலர் சாறு கூடக் கூட அந்தப் படலம் காய மெதுவாகும். அடிச்சு ஒண்டு ரண்டு நாளுக்குள்ள பனியோ தூறலோ பட்டால் சுவரில நத்தை ஊர்ந்தமாதிரி பிசுபிசுத்த வரி வரும். அது பெயின்ற் பழுதில்லை, உள்ள கிடந்த சவர்க்காரத்தன்மையான பொருள் வெளியில வாறது. உடன பச்சைத்தண்ணியால கழுவினால் போகும், காயவிட்டால் அடையாளம் நிண்டிரும். வெள்ளையில இது கண்ணிலயும் படாது.

முறிகண்டியான்:
அண்ணை, பூச்சு மூண்டு மாசம் ஆச்சு. உப்புப் பூக்கிற பயம் இன்னும் இருக்கோ?

தின்னர்மணம்:
பூச்சுக் காய 28 நாள் எண்டு சொல்லுற கணக்கு வெயில்காலத்துக்கு. மாரிக்குள்ள பூசினதெண்டால் நாளை நம்பாதேங்கோ. ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிஞ்ச பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் ரேப்பால ஒட்டி ஒரு இரவு விடுங்கோ. காலமை உள்பக்கம் முத்து முத்தாய் வேர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். உப்புப் பூத்திருந்தால் காய்ஞ்ச பிறஷால தட்டி எடுங்கோ. தண்ணி ஊத்திக் கழுவினால் உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளுக்குத்தான் போகும். பிறகு காரம் தாங்கிற பிறைமர் ஒரு கோட். கரையோரப் பக்கம், கழுவாத மணலில பூசின சுவரெண்டால் கடும் சாம்பலை மறந்துவிடுங்கோ. வெள்ளை உப்புக் கறுப்புச் சுவரில சத்தம் போட்டுச் சொல்லும்.

கரிக்கோடு:
அது எந்தச் சுவருக்கும் உள்ள வேலைதானே. அதுக்காகக் கறுப்பை ஒதுக்கத் தேவையில்லை.

நிழல்மரம்:
எந்தச் சுவருக்கும் உள்ளதுதான், தம்பி. வெள்ளையில மறையிறது கறுப்பில மறையாது. திருத்த வேலையும் அப்பிடித்தான். ஓஃப் வைட்டில ஒரு கீறலை அரைச் சாண் பிறஷால தொட்டுவிடலாம். சாக்கோலில தொட்ட இடம் ஒட்டுப்போட்ட சாரம் மாதிரி நிக்கும். மூலையில இருந்து மூலைவரை அந்தச் சுவரை முழுக்க அடிக்கவேணும்.

தின்னர்மணம்:
கடைக்காரர் காட்டிற சாம்பலையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதேங்கோ. வெறும் கறுப்பை வெள்ளையில விட்டால் வாறது நீலம் பாஞ்ச சாம்பல். கார்டில அழகு, செம்மண் முற்றத்தில புழுதி அதில படிஞ்சால் அழுக்கு பிறவுணாய் எழும்பித் தெரியும். அதே சாம்பலில கொஞ்சம் மஞ்சள் ஒக்சைட்டும் ஒரு சொட்டுச் செங்காவியும் விடச்சொன்னால் நிறம் கல்லுச்சாம்பலுக்கு இறங்கும், புழுதி அதுக்குள்ள ஒளிஞ்சுபோகும். ஒரு லீற்றர் மட்டும் கலந்து, மேற்கிலயும் வடக்கிலயும் ரண்டடிச் சதுரம் ரண்டு கோட் அடிச்சு, காலமை, உச்சி, பின்னேரம் மூண்டு நேரமும் பாருங்கோ. உச்சி வெயிலில எல்லா நிறமும் ஒரு படி வெளிறித்தான் தெரியும்.

முறிகண்டியான்:
அடியில ரண்டரை அடி கடும் சாம்பல் பட்டை, மேல கல்லுச்சாம்பலின்ர வெளிறல் எண்டால் வீட்டில இணங்குவினம் போல கிடக்கு. எவ்வளவு பெயின்ற் வேணும்?

தின்னர்மணம்:
சுத்தளவு 110 அடி. சுவர் 1100 சதுர அடி, கதவு யன்னலுக்கு 150 கழிச்சால் 950. அடிப்பட்டை 275, கழிவை எல்லாம் மேல்பக்கத்தில போட்டால் மேல் 675. சாதாரணப் பூச்சில லீற்றருக்கு ஒரு கோட் 100 சதுர அடி பிடியுங்கோ. மேல ரண்டு கோட்டுக்கு 13½ லீற்றர், பத்து லீற்றர்ப் பேணி ஒண்டும் நாலு லீற்றர்ப் பேணி ஒண்டும். பட்டைக்கு மூண்டு கோட், எட்டேகால் லீற்றர் வரும். கதவு வெட்டுற இடத்தில பட்டை இல்லை, அதால நாலு லீற்றர் ரண்டு காணும். பேணிகளைத் தனித்தனியா எடுக்காமல் ஒரு வாளியில ஒண்டாக் கலவுங்கோ, இல்லாட்டிச் சுவரின்ர நடுவில நிறம் மாறும்.

வேலையை மாசி, பங்குனியில வையுங்கோ. நிழலுக்குப் பின்னால போய் அடிக்கவேணும்: மேற்கைக் காலமை, கிழக்கைப் பின்னேரம். சுடுற சுவரில றோலர் போட்டால் ஓரம் உடன காயும், அடுத்த இழுப்புக்கு மேல ஏறி வரிவரியாய் நிக்கும்.

கரிக்கோடு:
வாசல் மேற்குத்தானே. முகப்பே வெளிறலாய்ப் போனால் சாக்கோல் கேட்ட ஆக்களுக்கு என்ன மிச்சம்? கதவு, யன்னல் நிலை, விறாந்தைத் தூண் எல்லாத்தையும் சாக்கோலில எனாமல் அடியுங்கோ. விறாந்தை நிழலில அதுக்குச் சூடும் இல்லை.

நிழல்மரம்:
அதில சண்டை இல்லை. ஆனால் பீலியைப் போடாமல் பட்டையை நம்பாதேங்கோ. செம்மண் தெறிச்சுக் காய்ஞ்சால் சாக்கோலிலயும் வெளிறின புள்ளி புள்ளியாய்த் தெரியும்.